பூட்டுக்கு எண்ணெய் விடும் காலம்

எங்கள் வீட்டு அலுமாரி லாச்சிக்குள் ஒரு புதுப் பூட்டு கிடக்கிறது. கதவுக்குள் பதிக்கிற வகை. பித்தளைக் கைபிடி, மூன்று திறப்புகள், ஒரு பிடி திருகாணி, எல்லாம் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. டிசம்பர் முதல் வாரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கியது. பூட்ட வேண்டிய கதவு என்னுடையதல்ல. வாங்கித் தரும்படி யாரும் கேட்கவும் இல்லை. ஏதாவது தேடி லாச்சியை இழுக்கும்போதெல்லாம் அது கடகடவென்று முன்னுக்கு உருண்டு வரும். நானும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெட்கப்பட்டு லாச்சியைத் தள்ளி மூடிவிடுவேன். கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் முடிந்து, நத்தாரும் முடிந்து, குடிலைக் கழற்றிப் பெட்டியில் போட்டு பரணில் ஏற்றியாயிற்று. இந்தப் பூட்டு விஷயம் மட்டும் மனதுக்குள் அடங்கமாட்டேன் என்கிறது. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

என் குறையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருவருகைக் காலம் என்று பேச்சு எடுத்தால் நான் பாதி உபதேசியாகிவிடுவேன். பல வருடங்களாக எனக்கு அதில் ஒரு தீராத கோபம்.

டிசம்பர் 10க்குள் ஆறு பிறப்பு

கோபத்துக்குக் காரணம் ஒளிவிழா, நத்தாருக்கு முன்பே வைக்கிற நத்தார்க் கொண்டாட்டம். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நவம்பர் கடைசியிலேயே அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடும். முன்பள்ளி ஒளிவிழா, பாடசாலை ஒளிவிழா, கந்தோர் ஒளிவிழா, வங்கி ஒளிவிழா. பிரதம விருந்தினர் வரப் பிந்துவார். வெளியே வாடைக்காற்றும் மழையும் கூரைத் தகட்டில் தாளம் போடும். நத்தார் தாத்தா மழைக்கோட்டுக்கு மேலே சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு முச்சக்கரவண்டியில் வந்து இறங்குவார். பஞ்சுத் தாடி நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருக்கும். அப்புறம் பாலன் பிறப்பு நாடகம், கேக், பற்றீஸ், ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் பிளேன்ரீ. டிசம்பர் 10ஆம் திகதிக்குள் பாலன் இயேசு இந்த நகரத்தில் குறைந்தது ஆறு தடவையாவது பிறந்துவிடுவார். உண்மையாகவே அவர் பிறக்கிற 24ஆம் திகதி நள்ளிரவுப் பூசைக்குப் போகும்போது எனக்கு கேக் என்றாலே வயிற்றைப் பிரட்டும்.

நியாயத்துக்கு மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கள் கந்தோர் ஒளிவிழாவில் ஒருமுறை சூசையப்பராக நின்றவர் கிண்ணியாவிலிருந்து படகேறி வேலைக்கு வந்துபோன ஒரு முஸ்லிம் தம்பி. அவரைப்போல் அடக்கமான சூசையப்பரை நான் எந்தக் கோயில் நாடகத்திலும் கண்டதில்லை. இந்து, முஸ்லிம், சிங்களம் என்று எல்லாரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கைதட்டுகிற நிகழ்ச்சிகள் இந்த ஊரில் எத்தனை இருக்கின்றன? ஆகவே ஒளிவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை. ஜனவரியில் வையுங்கள் என்றுதான் சொல்லிப் பார்த்தேன். நிதியாண்டு முடிந்துவிடும், காசு வராது என்றார்கள். சரி.

என் வாதம் இதுதான். திருச்சபை இந்தக் காலத்தை எவ்வளவு நுட்பமாக அமைத்து வைத்திருக்கிறது! நான்கு ஞாயிறுகள். ஊதா உடை. பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடமாட்டார்கள். வானதூதர்கள் பாடிய அந்தப் பாட்டு பிறப்பு இரவில் திரும்பி வரும்போது காதுக்குப் புதிதாய் இருக்கட்டும் என்பதற்காக அதை எடுத்து ஒளித்து வைக்கிறார்கள். ‘அல்லேலூயா’வை மட்டும் விட்டுவைக்கிறார்கள், தவக்காலத்தைப் போல முழுவதும் வாயைக் கட்டுவதில்லை. மூன்றாம் ஞாயிறு ஒருநாள் மட்டும் ஊதா இளகி ரோஜா நிறமாகும். எங்கள் கடைகளில் ரோஜா நிற மெழுகுதிரி கிடைப்பது அபூர்வம் என்பதால், வெள்ளைத் திரிக்கு என் மனைவியின் நகப்பூச்சைப் பூசி வைத்த வருடமும் உண்டு. மெழுகுதிரி வளையமே ஒன்றும் அவ்வளவு பழையதல்ல. 1839இல் ஹம்பேர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்திய யோஹான் விச்சேர்ன் என்ற புரட்டஸ்தாந்து போதகர், நத்தார் எப்போது, எப்போது என்று நச்சரித்த பிள்ளைகளுக்கு நாள் எண்ணிக் காட்ட ஒரு வண்டிச் சில்லில் மெழுகுதிரிகளை ஏற்றினார். நாளுக்கு ஒன்று. காத்திருக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்த கருவி அது. நாங்கள் சவுக்குக் கொப்பு வளைத்து, நாலு திரி குத்தி வைத்துவிட்டு, முதல் திரி பாதி உருகுவதற்குள் கேக் வெட்டிவிடுகிறோம்.

இதையெல்லாம் கோயிலில் இளைஞர்களுக்குச் சொல்லுவேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு ‘இதயத்தைத் தயாரிப்போம்’ என்று ஒரு துண்டுப்பிரசுரமே எழுதிக் கொடுத்தேன். தினமும் ஒரு வேதவசனம், கிழமைக்கு ஒருநாள் ஒருசந்தி, மனஸ்தாபம் உள்ளவரிடம் போய்ப் பேசுதல், பாவசங்கீர்த்தனம், ஒரு ஏழைக் குடும்பத்துக்கு உதவி என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வரைந்திருந்தேன். செய்து முடித்ததும் சரி போட. நல்ல வரவேற்பு. அந்தக் கட்டங்களை நினைத்தால் இப்போது ஒரு மாதிரி இருக்கிறது.

கட்டம் போடுகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். 1989ஆம் ஆண்டு, முதல் நன்மை வகுப்பு. எங்களுக்கு மறைக்கல்வி படிப்பித்த ரீச்சர் ஆளுக்கொரு நெருப்புப்பெட்டி தந்தார். நல்ல காரியம் ஒன்று செய்தால் ஒரு வைக்கோல் துண்டு அதற்குள் போடவேண்டும். நத்தாருக்கு முதல்நாள் எல்லாவற்றையும் குடிலில் கொட்டி பாலனுக்குப் படுக்கை செய்வோம். எட்டு வயதில் நான் அதைப் போட்டி என்றே விளங்கிக்கொண்டேன். தம்பலகாமத்திலிருந்து வந்த வைக்கோல் கட்டு கோயில் பின்பக்கம் கிடந்தது. ஒரு பிடி உருவி, நுணுக்கி, பெட்டி மூடாத அளவுக்கு அடைத்துக் கொண்டுபோனேன். ரீச்சர் பெட்டியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் குடிலில் கொட்டினார். அன்றிரவு கோயில் முற்றத்துக்குள் வந்த மான்கள் குடிலில் இருந்த வைக்கோலில் பாதியைத் தின்றுவிட்டுப் போய்விட்டன. என்னுடையதைத்தான் தின்றன என்று கூட்டாளி ஒருவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்த ரீச்சர்தான் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருப்பவர். பூட்டு அவருடைய கதவுக்கு வாங்கியது.

நோவாவின் ஞாயிறு

2025 நவம்பர் கடைசிக் கிழமையை இலங்கையில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. டித்வா புயல். 600க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் மலைநாட்டில் மண்சரிவில். எங்கள் பக்கம் காற்றும் மழையும். குடாவுக்கு அந்தப் பக்கம் மகாவலி கரை உடைத்துப் பாய்ந்து மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் ஒழுங்கையில் இரண்டு முருங்கையும் ஒரு மதிலும் விழுந்தன, கரண்ட் போய்விட்டது. கடல் கறுத்துப்போய் இரவெல்லாம் இரைந்தது. 2004 மார்கழிச் சுனாமியைக் கண்டவர்களுக்கு அந்த இரைச்சலில் நித்திரை வராது. அது நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை நேரம்.

நவம்பர் 30 திருவருகைக்கால முதல் ஞாயிறு. அரைவாசிப் பேர்தான் பூசைக்கு வந்திருந்தார்கள். ஈரச் சேலை, ஈரக் குடை, ஈர நாய். வாசகங்கள் மூன்று வருடத்துக்கொருமுறை சுற்றி வருபவை, யாரும் அந்தக் கிழமைக்கென்று தெரிந்தெடுத்தவை அல்ல. இந்தமுறை மத்தேயு ஆண்டு. மத்தேயு 24ஆம் அதிகாரம். நோவாவின் நாட்களில் மக்கள் உண்டும் குடித்தும் பெண் கொண்டும் கொடுத்தும் இருந்தார்கள், வெள்ளம் வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போகும்வரை ஒன்றும் அறியாதிருந்தார்கள், மானிடமகன் வருகையும் அப்படியே இருக்கும் என்று வாசிக்கப்பட்டபோது கோயிலுக்குள் ஒருவரும் அசையவில்லை. வயலில் இருவர் இருப்பர், ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார், மற்றவர் விட்டுவிடப்படுவார். எனக்கு முன்வாங்கில் இருந்தது ரீச்சர். அந்த வசனம் வந்தபோது அவர் கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அழவில்லை. மழைநீர்தான்.

அடுத்த வசனம் திருடனைப் பற்றியது. எந்தச் சாமத்தில் திருடன் வருவான் என்று வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால் விழித்திருந்து, வீட்டில் கன்னமிட விடமாட்டான். ஆகவே விழிப்பாயிருங்கள். பிரசங்கத்தில் பாதர், வெள்ளத்தைக் கடவுளின் தண்டனை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள் என்று தொடங்கி நன்றாகத்தான் பேசினார். நான்தான் முழுக்கக் கேட்கவில்லை. திருடன் என்ற சொல்லில் என் மனம் சிக்கிவிட்டது. ஊர் முழுக்க இருட்டு. ரீச்சருக்கு வயது 77. தனியாள். அவருடைய முன்கதவோ மூன்று நாளாக ஒழுங்காகச் சாத்துப்படவில்லை. வேப்பமரக் கதவு, மழையில் ஊறிப் பெருத்து நிலையோடு இறுகிப்போய், தோளால் இடித்தால்தான் அசையும். பூட்டு நான் சின்ன வயதில் கண்ட அதே பழைய இரும்புப் பூட்டு. உதவி செய்ய ஒரு ஏழைக் குடும்பம் தேடி அலையத் தேவையில்லாமல் வாசலிலேயே ஒரு வேலை கிடைத்துவிட்டது. பழைய கட்டத்துக்குள் ஒரு சரி.

அவனிட்ட திறப்பு இருக்கு

செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்டது. பெரியகடைப் பக்கம் போய் ஒரு ஹாட்வெயார் கடையில் இருந்ததில் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கினேன். தச்சுவேலை செய்யும் அண்ணர் ஒருவரை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே ரீச்சர் வீட்டுக்குப் போனேன். ரீச்சர் குசினியில் இருந்தார். “கதவைப் பாக்க ஆள் கொண்டுவந்திருக்கிறன்” என்று வெளியே நின்றே சத்தம் வைத்தேன். “பாருங்கோ, பாருங்கோ” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அண்ணர் கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சீவுளி போட்டால் சரிவரும் என்றார். அதோட இந்தப் பழசைக் கழற்றிப்போட்டு இதையும் அடித்துவிடுங்கள் என்று பூட்டை நீட்டினேன். அவர் திருகாணிச் செலுத்தியை எடுத்து முதலாவது ஆணியில் வைத்தார். துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று இருவரும் நினைத்தோம். ஒரு சுற்றிலேயே இளகியது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு ரீச்சர் அகப்பையோடு வந்தார். என் கையிலிருந்த புதுப் பூட்டைப் பார்த்தார். அண்ணர் கையைப் பார்த்தார்.

“பூட்டை மாத்தாதே தம்பி. அவனிட்ட திறப்பு இருக்கு.”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அண்ணருக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் இந்த ஊர்தானே. ஒன்றும் பேசாமல், கழற்றிய சுற்றைத் திரும்ப முறுக்கி, திருகாணிச் செலுத்தியைப் பைக்குள் வைத்துவிட்டு சீவுளியை எடுத்தார். ரீச்சரும் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு விறாந்தையில் ஏறியதற்கு எனக்கு ஏசத் தொடங்கினார்.

‘அவன்’ ரீச்சரின் மூத்த மகன். 1990இல் வயது 19. ஒரு நாள் சைக்கிளில் வெளியே போனவர் திரும்பவில்லை. சைக்கிளும் திரும்பவில்லை. தாய் பாடசாலையிலும் தகப்பன் வேலையிலும் இருக்கிற நேரத்தில் வீட்டுக்கு முதலில் வருகிறவர் அவர்தான் என்பதால், அவரிடம் தனியாக ஒரு திறப்பு. செபமாலையோடு சேர்த்து கறுப்பு நூலில் கழுத்தில் போட்டிருப்பாராம். யார் கொண்டுபோனார்கள், எந்த முகாம், எந்தச் சந்தி என்றெல்லாம் ஒழுங்கைக்கு ஒரு கதை இருக்கிறது. நான் எழுதப்போவதில்லை. அந்த வருடம் கிழக்கில் இப்படிப் போனவர்கள் கொஞ்சநஞ்சமா? ஆவணி மாதாத் திருநாளன்று, 1990 ஆகஸ்ட் 15இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்ட இயேசுசபைக் குருவானவர் யூஜின் ஹீபேர்ட்டும் அவருக்குப் பின்னால் ஏறிவந்த பெற்றம் பிரான்சிஸ் என்ற இளைஞரும் இன்றுவரை வந்துசேரவில்லை. அமெரிக்கக் குடிமகன் ஒருவருக்கே அந்தக் கதி என்றால் எங்கள் ஒழுங்கைப் பையனுக்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள்! ரீச்சரும் கணவரும் முகாம் முகாமாகப் போனார்கள், ஆணைக்குழுக்களில் வரிசையில் நின்றார்கள், ஒரே கதையைப் பலமுறை சொன்னார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று சொன்னபோது ரீச்சர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கணவர் இறந்து இப்போது பன்னிரண்டு வருடம். மற்ற மகள் வெளிநாட்டில். வா என்று கூப்பிட்டுக் களைத்துவிட்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தெரிந்தும் பூட்டோடு சேர்த்து யோசிக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. அண்ணர் கதவைச் சீவ, சுருள் சுருளாக வேப்பம் சீவல் விழ, ரீச்சர் கதவுநிலையில் சாய்ந்து நின்று அவருக்குப் பூட்டைப் பற்றி விளக்கினார். எனக்கல்ல, அவருக்கு. “இரவில பூட்டினாப்பிறகு திறப்பை எடுத்து உந்த ஆணியில கொழுவிப்போடுவன். உள்ளுக்குத் திறப்பு நிண்டா வெளியால போடுறது ஏறாது.” அண்ணர் தலையாட்டினார். உண்மைதான், அந்த வகைப் பூட்டு அப்படித்தான். மேலே பார்த்தேன். கதவின் உட்பக்கத் தாழ்ப்பாளுக்குப் பல தடவை பெயின்ற் அடித்து அது கதவோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தாலும் வராது. 35 வருடமாக இந்த வீடு இரவில் பூட்டியிருக்கிறது, ஆனால் தாழ் போடவில்லை. இனக்கலவரமும் போரும் சுனாமியும் கொரோனாவும் வந்துபோன ஊரில்.

அப்புறம்தான் கோழி இறகைக் கண்டேன். வாசல் யன்னல் கட்டையில் ஒரு தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தல், அதற்குள் செருகிய ஒரு இறகு. தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்குமாம். மாரி தொடங்க முதல் ஒருமுறையும், திருவருகை தொடங்கும்போது இன்னொரு முறையும் இறகின் நுனியை எண்ணெயில் நனைத்துத் திறப்பு ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றி, திறப்பைப் போட்டு ஏழெட்டுத் தடவை பூட்டித் திறந்து பார்ப்பார். கடற்கரைக் காற்றில் இரும்பு ஒரு மாரிகூடத் தாங்காது என்று நான் நினைத்திருந்தேன். சீவி முடித்ததும் ரீச்சரே ஆணியிலிருந்து திறப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தார். சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி போல் திரும்பியது. “ம்” என்றார். அண்ணர் கூலி வாங்கவில்லை. ரீச்சர் விடவுமில்லை, சட்டைப்பைக்குள் திணித்துவிட்டார்.

கைபிடி இல்லாத கதவு

அன்றிலிருந்து என் திருவருகைக் காலம் குழம்பிவிட்டது. தினமும் வாசகத்தை வாசிக்க உட்காருவேன், எங்கு பார்த்தாலும் கதவு. 2025 யூபிலி ஆண்டு வேறு. ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்ற பதாகை கோயில் சுவரில் வருடம் முழுக்கத் தொங்கியது. அந்த ஆண்டே உரோமையில் ஒரு கதவைத் திறந்துதான் தொடங்கியது. 2024 நத்தார் முதல்நாள் இரவு சக்கரநாற்காலியில் இருந்தபடி திருத்தந்தை பிரான்சிஸ் புனிதக் கதவைத் திறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அது மூடும்போது அவர் இல்லை.

இயேசு கதவைத் தட்டுகிற படம் எல்லா வீட்டிலும் இருக்கும். கையில் விளக்கு, தலையில் முள்முடி, கொடி படர்ந்த கதவு. நாட்காட்டியில் வரும் அந்தப் படத்தை வைத்துத்தான் ரீச்சர் எங்களுக்குப் படிப்பித்தார். கதவுக்கு வெளிப்பக்கம் கைபிடி இல்லை, கவனியுங்கள், கைபிடி உள்ளே இருக்கிறது, நீங்கள் திறந்தால்தான் அவர் வரலாம் என்று. திருவெளிப்பாடு 3:20. அந்தப் பாடத்தை வைத்துத்தான் நான் என் துண்டுப்பிரசுரத்தையே எழுதினேன். இதயத்தின் கதவைத் திறப்பது என் கையில், ஆகவே நான் என்னென்ன செய்யவேண்டும் என்று ஒரு பட்டியல். 1989இல் அதைப் படிப்பித்தவர், அடுத்த வருடத்திலிருந்து வெளியே நிற்பவர் தானாகவே திறந்துகொண்டு வரக்கூடிய ஒரு கதவைப் பராமரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தை அதற்குப் பிறகும் வகுப்பில் காட்டினாரா என்பது என் நினைவில் இல்லை.

12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவரான புனித பெர்னார்து, திருவருகைக் காலப் பிரசங்கம் ஒன்றில் மூன்று வருகைகளைப் பற்றிப் பேசுகிறார். முதலாவது, பெத்லகேமில் வந்தது. கடைசியானது, மாட்சியோடு வரப்போவது. இரண்டும் எல்லாரும் காணக்கூடியவை. இவற்றுக்கு நடுவில் ஒரு மறைவான வருகை இருக்கிறது, அது உள்ளத்துக்குள் நடப்பது. ‘இதயத்தைத் தயாரித்தல்’ என்று நாங்கள் மேடையில் பேசுவதெல்லாம் இந்த நடு வருகையைப் பற்றித்தான். எனக்கு அதில் எப்போதும் ஒரு ரகசியத் திருப்தி இருந்தது. மற்ற இரண்டும் என் கையில் இல்லை, இதையாவது நான் ஏற்பாடு செய்யலாம் என்று. மண்டபம் பதிவுசெய்து, கதிரை அடுக்கி, விளக்குப் பூட்டி, பிரதம விருந்தினருக்கு நேரம் சொல்வது மாதிரி. ஒளிவிழாவைப் பற்றி வாய்கிழியக் குறைசொன்ன நான் உள்ளுக்குள் வருடாவருடம் நடத்தியதும் ஒரு ஒளிவிழாதான்.

மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 14, நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். போன கிழமைதான் வனாந்தரத்தில் நின்று வழியை ஆயத்தமாக்குங்கள் என்று ஊரையே கலக்கியவர். இப்போது சீடர்களை அனுப்பிக் கேட்கிறார்: வரவிருப்பவர் நீர்தாமா, அல்லது வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா? மகிழ்ச்சி ஞாயிறு என்று ரோஜா உடை உடுத்தி, ரோஜாத் திரி கொளுத்தி, வாசிப்பது இந்தச் சந்தேகத்தை. இயேசு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். யோவான் சிறையிலிருந்து வெளியே வரவுமில்லை.

பூசை முடிந்து ரீச்சரைக் கையில் பிடித்து வெள்ளம் நின்ற இடங்களைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்தேன். கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன். “ரீச்சர், இன்னும் வருவார் எண்டு நினைக்கிறீங்களா?” அவர் நடையை நிறுத்தினார். கோபமென்று சொல்லமுடியாது, வகுப்பில் மடைத்தனமாகக் கேள்வி கேட்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. “நான் நினைக்கிறதில என்னடா இருக்கு? வந்தா, பூட்டு இறுகி வாசல்ல நிக்கக்கூடாது.” கொஞ்சத்தூரம் நடந்தபிறகு, “உந்தக் கேள்வியை முப்பத்தஞ்சு வருசமாச் சனம் கேக்குது. நீயாவது வேற ஏதும் கேப்பாய் எண்டு நினைச்சன்” என்றார்.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கி, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி அவரைக் காத்திருத்தலுக்கு உதாரணமாகப் பிரசங்கத்தில் இழுத்துவிட்டார். ரீச்சர் எழுந்து, முழந்தாள்படியிட்டு, நடுவழியால் வெளியே போய்விட்டார். அந்தப் பிரசங்கியைவிட நான் எந்த விதத்தில் திறம் என்று இதை எழுதும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆகவே முதலில் அவரிடமே கேட்டேன். என்ர பேரைப் போடாதே, அவன்ர பேரையும் போடாதே, பூட்டைப் பற்றி வேண்டுமென்றால் எழுது என்றார். வாசித்துக் காட்டவேண்டும் என்றும் நிபந்தனை. ‘வெண்ணெயில் கத்தி’ என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அதை அப்படியே விட்டுவைத்தேன்.

டிசம்பர் 17 தொடங்கி மாலைச் செபத்தில் ஒவ்வொரு நாளும் வருகிறவருக்கு ஒவ்வொரு பெயர் சொல்லி ‘ஓ, வாரும்’ என்று கூப்பிடுகிற பழைய முன்மொழிகள் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம். ஞானமே என்று தொடங்கி இம்மானுவேலே என்று முடியும். 20ஆம் திகதிக்குரியது: தாவீதின் திறவுகோலே. நீர் திறந்தால் எவரும் பூட்டமுடியாது, நீர் பூட்டினால் எவரும் திறக்கமுடியாது, இருளிலும் இறப்பின் நிழலிலும் சிறைப்பட்டிருப்பவரை வந்து வெளியே கூட்டிச்செல்லும். எசாயா 22இலிருந்து வருவது. வருடாவருடம் வாசித்திருக்கிறேன், அழகான உருவகம் என்று கடந்து போயிருக்கிறேன். இந்தமுறை அந்த மாலை கரண்ட் ஒருதரம் போய்வந்தது. இருட்டில் கைபேசி வெளிச்சத்தில் ‘திறவுகோல்’ என்ற எழுத்துச் சொல்லை எங்கள் பேச்சில் ‘திறப்பு’ என்று மாற்றி வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தமிழில் சாவிக்கும் திறத்தலுக்கும் ஒரே சொல். சிறைப்பட்டிருப்பவர் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே வாசிக்க முடியவில்லை. அந்த வருடம் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை. பட்டியல் இல்லாமல் போனேன், அவ்வளவுதான்.

24ஆம் திகதி இரவு பூசைக்கு ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போகப் பதினொரு மணிபோல் வாசலில் நின்றேன். தூறல். சீவிய கதவு நன்றாகச் சாத்துப்பட்டது. வெளியே வந்து பூட்டி, கைபிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்து, திறப்பை லேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். வாசல் விளக்கை எரியவிட்டார். ‘உன்னதங்களிலே’ மணியோடு தொடங்கியபோது வழக்கமாக நான் கண்ணை மூடுவேன், நாலு கிழமை பொத்திவைத்ததன் பலனை அனுபவிக்க. இம்முறை கண் திறந்திருந்தது. குடிலில் வைக்கோல் போதவில்லை. தம்பலகாமத்து வைக்கோல் எல்லாம் வெள்ளத்தில் ஊறிப்போனதால், யாரோ சவுக்கம் சருகைப் பரப்பியிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ரீச்சர் கேட்டார்.

“அந்தப் பூட்டைக் கடையில திருப்பிக் குடுத்திட்டியா?”

“பில்லைத் துலைச்சிட்டன் ரீச்சர். பில் இல்லாம எடுக்கமாட்டாங்களாம்.”

“நாலாயிரமோ?”

“மேலை.”

“விசரன்” என்றார். பிறகு, வாசலில் கைப்பைக்குள் திறப்பைத் தேடிக்கொண்டே, “உறைக்குள்ள கிடந்தாலும் துருப்பிடிக்கும். ஒருநாளைக்குக் கொண்டா, எண்ணெய் விட்டுத் தாறன்.”

இன்னும் கொண்டுபோகவில்லை.